தாயை இருத்திவைப்பது அன்பாகுமா?

அறுபது வயதைக் கடந்த தாயார் ஒருவர் இருக்கும் வீட்டில், நல்ல பிள்ளைகள் இரண்டு காரியங்களைச் செய்யத் தவறுவதில்லை. "அம்மா, நீங்கள் பேசாமல் இருங்கள், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லித் தும்புத்தடியையும் தண்ணீர் வாளியையும் அவருடைய கையிலிருந்து வாங்கிவிடுதல் ஒன்று. எலும்புக்கு உரமூட்டும் என்று சொல்லப்படும் கல்சியக் குளிசைகளைத் தேடி வாங்கிக் கொடுத்தல் மற்றொன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் பிள்ளைகளாயின், ஊருக்கு வருபவர் கையில் பெரிய போத்தல்களாகவே கொடுத்தனுப்புவர். தாயாரும் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, வேளை தவறாது குளிசையை விழுங்கி, பிள்ளைகளின் பெருமையை அயலாருக்குச் சொல்லி மகிழ்வார்.

இவை இரண்டும் அன்பிற் பிறந்த செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பு அறிவோடு சேர்ந்தபோதே முழுப்பயன் தரும். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பல நாட்டு ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மூதாட்டியரிடையே நடத்திய சோதனைகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். தாயை இருத்திவைப்பது அவருடைய எலும்பையும் தசையையும் மெலியச் செய்கின்றது; போத்தலில் வரும் குளிசை, தனித்து நின்று, அம்மெலிவை ஈடுசெய்வதில்லை. இதனையே இவ்வாரம் சற்று விரிவாக ஆராய்வோம்.

இது சிறிய விடயமன்று. இடுப்பு முறிந்தது என்று நாம் சொல்வது, பெரும்பாலும் தொடையெலும்பின் மேற்கழுத்து முறிவதையேயாகும். முதுமையில் அம்முறிவுக்கு ஆளானோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்று மேனாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. உயிர் தப்பியவர்களிலும் பலர் முன்போலத் தாமாக எழுந்து நடப்பதில்லை. நேற்றுவரை கோயிலுக்குத் தனியே சென்று வந்தவர், இன்று கழிவறைக்குச் செல்லவும் பிறர் தோளைப் பற்ற வேண்டியவராகின்றார். பிறர் கையை எதிர்பாராது வாழ்ந்த ஒருவருக்கு இதனிலும் பெரிய துன்பம் வேறு யாது?

எலும்பு உயிருள்ள பொருள்

எலும்பு என்றதும் கல்லையும் மரத்தையும் போன்ற ஒரு சடப்பொருளையே நம்மிற் பலர் எண்ணிக்கொள்கின்றனர். கீழ்வகுப்பு மாணவருக்குச் செய்து காட்டத்தக்க ஓர் எளிய பரிசோதனை உண்டு. கோழியின் காலெலும்பொன்றை வினாகிரியில் சில நாட்கள் ஊறவிட்டால், அதிலுள்ள சுண்ணச்சத்துக் கரைந்துபோக, எலும்பு றப்பரைப் போல வளையும். வேறோர் எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டெடுத்தால், அதிலுள்ள புரதம் எரிந்துபோக, எஞ்சிய பகுதி கைபட்டதும் நொறுங்கும். எலும்பின் உறுதிக்குக் கல்சியம் மட்டும் போதாது, புரதமும் வேண்டும் என்பதை இதனிலும் தெளிவாக விளக்குதல் அரிது. பின்னர் உணவைப்பற்றிப் பேசும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

உயிருள்ள எலும்பு ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. பழைய எலும்பை அரித்தகற்றும் கலங்களும், அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டும் கலங்களும் இடைவிடாது தொழில் செய்கின்றன. வளர்ந்த ஒருவரின் எலும்புகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. முப்பது வயதளவில் எலும்பின் திணிவு உச்சத்தை அடைகின்றது. அதன்பின் சிலகாலம் வரவும் செலவும் ஒத்திருக்கும். பின்னர் செலவு மெல்ல மெல்ல மிகும்.

பெண்களுக்கு இங்கே ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. ஐம்பதை அண்டிய வயதில் மாதவிடாய் நின்றதும், ஈஸ்திரசன் என்னும் ஓமோன் உடலிற் குறைந்துவிடுகின்றது. எலும்பை அரிக்கும் கலங்களை அடக்கிவைத்த காவலன் இவ்வோமோனே. காவலன் நீங்கியதும் அரிப்பு விரைகின்றது. அடுத்து வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்புத் திணிவில் ஐந்தில் ஒரு பங்குவரை இழந்துவிடும் பெண்களும் உளர். இத்தொடர்பை 1940ஆம் ஆண்டை அடுத்து எடுத்துக்காட்டியவர், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பணியாற்றிய புல்லர் அல்பிறைற் என்னும் மருத்துவ அறிஞராவர். இந்நிலையை ஆங்கில வைத்தியர் 'ஒஸ்ரியோபொரோசிஸ்' என்பர். துளை மலிந்த எலும்பு என்பது அதன் பொருள். நாம் எலும்பு மெலிவு எனலாம். மூட்டுவாதம் வேறு, இது வேறு. மூட்டுவாதம் நோவைத் தந்து தன்னை அறிவிக்கும். எலும்பு மெலிவோ, முறிவு நேரும் நாள்வரை பெரும்பாலும் ஓசையின்றியே இருக்கும்.

சுமையே உரம்

எலும்பைக் கட்டும் கலங்களைத் தூண்டி எழுப்புவது யாது? சுமையும் அதிர்வுமே. யூலியஸ் வொல்ப் என்னும் ஜேர்மன் சத்திர வைத்தியர் 1892ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு விதியாக வகுத்துரைத்தார். எந்த எலும்பின்மீது எவ்வளவு பாரம் சாருகின்றதோ, அதற்கேற்ப அவ்வெலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது அவ்விதியின் சாரம். டெனிஸ் விளையாட்டு வீரர்களின் கைகளை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தபோது, மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பிலும் தடித்திருக்கக் காணப்பட்டது. ஒரே உடல், ஒரே உணவு, ஒரே குருதி. வேறுபாடு உழைப்பில் மட்டுமே.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. விண்வெளியில் மாதக்கணக்காகத் தங்கும் வீரர்கள் உடற்பாரமற்று மிதக்கின்றனர். அவர்கள் நல்லுணவு உண்பவர்கள். இளமையும் உடல்நலமும் வாய்ந்தவர்கள். இருந்தும் இடுப்பு முதலிய இடங்களில் மாதமொன்றுக்கு 1 முதல் 1.5 வீதம் வரையான எலும்பை இழக்கின்றனர். சாய்மனைக் கதிரையில் நாள் முழுவதும் இருத்திவைக்கப்பட்ட தாயாரின் நிலையும் ஒருவகையில் அத்தகையதே. தொடையெலும்பும் முள்ளந்தண்டும் சுமக்க வேண்டிய பாரத்தைக் கதிரை சுமந்துகொள்கின்றது. பாரமில்லாத எலும்பைப் பேணி வளர்க்க உடல் முற்படுவதில்லை.

குளிசைகள் பட்ட சோதனை

அங்ஙனமாயின் குளிசைகள் பயனற்றவையோ என்று கேட்கலாம். முற்றாகப் பயனற்றவை அல்ல. யாருக்குப் பயன், யாருக்கு இல்லை என்பதை நான்கு பெரிய சோதனைகள் நமக்குத் தெளிவாக்குகின்றன.

1992ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலிருந்து ஒரு முடிவு வெளியாயிற்று. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 மூதாட்டியருட் பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கல்சியமும் 800 அலகு விற்றமின் டியும் கொடுக்கப்பட்டன. மற்றையோருக்கு மருந்தற்ற போலிக் குளிசை. பதினெட்டு மாதங்களின் பின் மருந்துண்டோரிடையே இடுப்பு முறிவு 43 வீதம் குறைந்திருந்தது. இச்செய்தி கேட்டு உலகம் மகிழ்ந்தது. குளிசை வணிகமும் பெருகிற்று. ஆனால் அம்மூதாட்டியர் எத்தகையோர் என்பதை நோக்குதல் வேண்டும். சராசரி வயது 84; வெயிலைக் காண்பது அரிது; உணவிற் கல்சியம் குறைவு. வற்றிய குளத்தில் நீர் வார்த்ததை ஒத்தது அவர்களுக்குக் கொடுத்த குளிசை.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 36,282 பெண்களிடையே நடத்திய மாபெரும் சோதனையின் முடிவு வந்தது. இவர்கள் 50 முதல் 79 வயது வரையான, வீட்டில் வாழும் பெண்கள். பெரும்பாலோர் உணவின் மூலம் முன்னரே தக்க அளவு கல்சியம் பெற்றவர்கள். 1,000 மில்லிகிராம் கல்சியமும் 400 அலகு விற்றமின் டியும் நாள்தோறும் உண்டவர்களின் இடுப்பெலும்புத் திணிவு 1 வீதமளவே கூடியிருந்தது. முறிவுகளோ உறுதியாகச் சொல்லத்தக்க அளவிற் குறையவில்லை. ஒழுங்கு தவறாது உண்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது ஓரளவு குறைவு தென்பட்டது. அதேவேளை சிறுநீரகக் கல் உண்டானோர் தொகை 17 வீதம் கூடியிருந்தது.

2010ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியச் சோதனை இன்னும் சிந்திக்கத் தக்கது. நாள்தோறும் குளிசை உண்ண மறப்போருக்கு, ஆண்டுக்கொரு தடவை 5 இலட்சம் அலகு விற்றமின் டியை ஒரேயடியாகக் கொடுத்தால் என்ன என்று அங்குள்ளோர் எண்ணினர். 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 2,256 பெண்கள் பங்குபற்றினர். விழுதலும் முறிதலும் குறையும் என்று எதிர்பார்த்திருக்க, மருந்துண்டோரிடையே விழுதல் 15 வீதமும் முறிவு 26 வீதமும் கூடின. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற முதுமொழி பொய்க்கவில்லை.

ஈற்றில், 2022ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்கச் சோதனை 25,871 ஆண்களையும் பெண்களையும் உட்கொண்டது. பொதுவாக உடல்நலமுள்ளோருக்கு நாளொன்றுக்கு 2,000 அலகு விற்றமின் டி கொடுத்தும் முறிவுகள் குறையவில்லை என்பது அதன் முடிவு.

இந்நான்கையும் சேர்த்து நோக்கின், குறையுள்ளோருக்குக் குறையை நிரப்பும் குளிசை நன்மை செய்யும் என்பதும், நிறைந்த பாத்திரத்தில் மேலும் வார்ப்பதாற் பயனில்லை என்பதும், சிலவேளை தீங்கே விளையும் என்பதும் புலனாகும்.

பயிற்சி காட்டிய பயன்

இனி உடற்பயிற்சியின் பக்கம் திரும்புவோம். 1994ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரின் ரவ்ற்ஸ் பல்கலைக்கழகத்தார், 50 முதல் 70 வயது வரையான 39 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரத்தில் இரு நாட்கள் பாரம் தூக்கும் பயிற்சி செய்தனர். மற்றப் பிரிவினர் முன்போலவே இருந்தனர். ஓராண்டு கழிந்தபின், பயின்றோரின் தொடையெலும்புக் கழுத்திலும் முள்ளந்தண்டிலும் திணிவு ஏறத்தாழ 1 வீதம் கூடியிருந்தது. மற்றையோர் முறையே 2.5 வீதமும் 1.8 வீதமும் இழந்திருந்தனர். தசை வலிமையும் உடலின் சமநிலையும் பயின்றோரிடையே கூடியது தனி இலாபம்.

2018ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் கிறிவ்வித் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான முடிவு மேலும் துணிவு தருவது. எலும்புத் திணிவு குறைந்திருந்த 101 மூத்த பெண்கள் அதிற் பங்குபற்றினர். இத்தகையோர் பாரம் தூக்கினால் எலும்பு முறிந்துவிடும் என்றே அதுவரை பலர் அஞ்சினர். ஆயினும் தேர்ந்த பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில், முதலில் இலேசாகத் தொடங்கிப் படிப்படியாகப் பாரத்தைக் கூட்டி, வாரத்தில் இரு தடவை அரைமணி நேரம் பயின்றதில், எட்டு மாதத்தில் நாரிப்பகுதி முள்ளெலும்பின் திணிவு 2.9 வீதம் கூடிற்று. இலேசான பயிற்சியை வீட்டிற் செய்தவர்கள் 1.2 வீதம் இழந்தனர். கடும்பயிற்சி செய்தோரில் எவருக்கும் அதனால் எலும்பு முறியவில்லை. மேற்பார்வை இருந்தது என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது.

எனினும், எல்லாவற்றிலும் நம் வீடுகளுக்குப் பொருத்தமானது நியூசிலாந்தின் டனீடின் நகரில் நடந்த சோதனையே என்பது என் கருத்து. 1997ஆம் ஆண்டில் வெளியான அதிற் பங்குபற்றியோர் 80 வயதும் அதற்கு மேலும் உள்ள 233 பெண்கள். இயன்மருத்துவர் ஒருவர் சில தடவைகள் வீட்டுக்குச் சென்று, கால்களுக்கு வலிமையும் உடலுக்குச் சமநிலையும் தரும் எளிய பயிற்சிகளைக் கற்பித்தார். ஓராண்டின் முடிவில், பயிற்சி பெறாத 117 பேரிடையே 152 விழுதல்கள் நிகழ்ந்திருக்க, பயின்ற 116 பேரிடையே 88 மட்டுமே நிகழ்ந்தன.

இதன் உட்பொருளை உணர்தல் வேண்டும். இடுப்பு முறிவுகளிற் பெரும்பாலானவை விழுவதால் உண்டாகின்றன. எண்பது வயதில் எலும்பைத் தடிக்கச் செய்வது கடினம். ஆனால் விழாதிருக்கக் கற்பது இயலும். விழாத எலும்பு, மெலிந்திருப்பினும், முறியாதிருக்க வழியுண்டு. எந்தப் போத்தலிலும் அடைக்க முடியாத மருந்து இது.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

கருவிகள் வேண்டியதில்லை. சுவரோடு சாய்த்துவைத்த உறுதியான கதிரை ஒன்றும், பற்றிக்கொள்ள ஒரு மேசை விளிம்பும், வெறுங்கால் அல்லது இறுக்கமான பாதணியும் போதும்.

முதலாவது, எழுந்திருத்தல். கைகளை மார்பின்மீது குறுக்காக வைத்து, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து நின்று, மெல்ல அமர வேண்டும். ஐந்து தடவையில் தொடங்கிப் பத்துவரை உயர்த்தலாம். இது பயிற்சியாவதோடு ஒரு பரீட்சையும் ஆகும். அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழமுடிகின்றது என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் வகுத்த அளவின்படி, 65 முதல் 69 வயதுவரையுள்ள பெண் 11 தடவைக்குக் குறைவாகவும், 70 முதல் 79 வரை 10க்குக் குறைவாகவும், 80 முதல் 84 வரை 9க்குக் குறைவாகவும் எழுந்தால், அவர் விழக்கூடும் என்று எண்ணி எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, குதியுயர்த்தல். மேசை விளிம்பைப் பற்றி நின்று, இரு குதிகளையும் உயர்த்தி விரல்நுனியில் நின்று இறங்குதல். பின்னர் விரல்களை உயர்த்திக் குதியில் நிற்றல். ஒவ்வொன்றும் பத்துத் தடவை.

மூன்றாவது, ஒற்றைக் காலில் நிற்றல். மேசையைப் பற்றியபடி பத்து விநாடி; பழகியபின் ஒரு விரல் மட்டும் மேசையிற் பட; அதன்பின் கையை விட்டு. முதல் நாட்களில் யாரேனும் அருகில் நிற்பது அவசியம்.

நான்காவது, அடிமேல் அடிவைத்து நடத்தல். ஒரு காலின் குதி மற்றக் காலின் பெருவிரலைத் தொடும்படி, சுவரோரமாகப் பத்து அடி நேர்கோட்டில் நடக்க வேண்டும்.

ஐந்தாவது, பாரம். ஒரு இறாத்தல் அரிசியையோ மணலையோ துணிப்பையிற் கட்டிக் கணுக்காலிற் சுற்றிக்கொண்டு, கதிரையில் இருந்தபடி முழங்காலை நீட்டி மடக்குதல். தொடைத்தசை வலிமை பெற இது மிக நல்லது. கைகளுக்கும் தோளுக்கும், சுவரில் உள்ளங்கைகளை ஊன்றிச் சாய்ந்து நிமிர்தல் போதும்.

இவற்றை வாரத்தில் மூன்று நாட்கள், அரைமணி நேரம் செய்தல் வேண்டும். மற்ற நாட்களில் நடை. இலேசாகிவிட்டால் எண்ணிக்கையையோ பாரத்தையோ சிறிது கூட்டுக. நடை இருதயத்துக்கு நல்லதெனினும், எலும்புக்கும் சமநிலைக்கும் அது மட்டும் போதாது. நீந்துவதும் துவிச்சக்கர வண்டி ஓட்டுவதும் அவ்வாறே. பாரத்தை நீரும் வண்டியும் ஏற்றுக்கொள்கின்றன.

ஓர் எச்சரிக்கை: முள்ளந்தண்டில் முன்னரே முறிவு கண்டவர்கள், முன்னுக்குக் குனிந்து பாரம் தூக்குவதையும் உடலை முறுக்குவதையும் குதிப்பதையும் தவிர்த்து, வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்ட பின்னரே தொடங்குவாராக. நெஞ்சுநோவோ தலைச்சுற்றோ தோன்றின் உடனே நிறுத்த வேண்டும்.

பயிற்சியோடு வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் நன்று. வழுக்கும் கிணற்றடி, ஈரம் காயாத குளியலறை, மடிந்து கிடக்கும் கால்மிதி, இராவேளையில் வெளிச்சமற்ற படி, தேய்ந்த செருப்பு, புரை விழுந்தும் மருத்துவம் செய்யாத கண், நித்திரைக் குளிசை ஆகிய இவையே பல முறிவுகளுக்கு மூலகாரணங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைபிடியைப் பொருத்துவதற்கு ஆகும் செலவு, சில போத்தல் குளிசையின் விலைக்கு மேற்படாது.

உணவிலே தேடுவோம்

ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டுமென அமெரிக்க நிபுணர் 2010ஆம் ஆண்டில் வகுத்தனர். பிரித்தானியரோ 700 போதும் என்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை நமது அடுக்களையிலேயே பெறலாம். ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உண்டு. 25 கிராம் பால்மாவிலும் அண்ணளவாக அதேயளவு. 50 கிராம் குரக்கன் மாவிற் பிட்டு அவித்தால் 170. 50 கிராம் முருங்கையிலையில் 150. தோல் நீக்காத எள் இரண்டு மேசைக்கரண்டியில் 170. இரு கோப்பைப் பாலோடு இவற்றைக் கூட்டினால், 970 மில்லிகிராம் கிடைத்துவிடுகின்றது. எள்ளின் கல்சியத்திற் பெரும்பகுதி தோலிலேயே உள்ளது. ஆதலால் வெள்ளையாக்கிய எள்ளிலும் கறுத்த எள்ளிற் செய்த எள்ளுப்பாகே மேலானது. அகத்தியிலும் கல்சியம் மிக உண்டு. மச்சம் உண்பவர்கள் நெத்தலியை முள்ளோடு உண்ணலாம்.

இலைக்கறி எல்லாம் ஒன்றல்ல என்பதும் அறியத்தக்கது. ஸ்பினாச் என்னும் மேனாட்டுப் பசளிவகையில் ஒட்சலேற்று மிகுதியாதலால், அதிலுள்ள கல்சியத்தில் 5 வீதமளவே உடலிற் சேர்கின்றது. பாலிலிருந்தோ 27 வீதத்துக்கு மேற் சேர்கின்றது. அமெரிக்க அறிஞர் றொபேட் ஹீனி முதலியோர் 1988ஆம் ஆண்டில் இதனை அளந்து காட்டினர். குரக்கனிலும் உறிஞ்சலைத் தடுக்கும் பொருள் சிறிது உண்டு. முளைகட்டியோ புளிக்கவைத்தோ சமைத்தால் அது குறையும். உப்பை மிகுதியாக உண்டால் சிறுநீரோடு கல்சியம் வெளியேறும். ஊறுகாய்ப் பிரியர்கள் இதனை மனத்திற் கொள்வாராக.

வினாகிரியில் ஊறிய எலும்பையும் நெருப்பிற் சுட்ட எலும்பையும் இப்போது நினைவுகூர்க. முதியோருக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இக்கால நிபுணர் பலரின் கருத்து. 50 கிலோ நிறையுள்ள தாயாருக்கு இது 50 முதல் 60 கிராம் ஆகும். சிறுநீரக நோயாளர் மட்டும் தம் வைத்தியர் சொற்படி நடக்க வேண்டும். பல்லில்லாமையாலும் பசியின்மையாலும் நம் மூதாட்டியர் பலர் இரவில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு படுத்துவிடுகின்றனர். பயறு, பருப்பு, கடலை, தயிர், முட்டை, மீன் என்பவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருத்தல் வேண்டும். விரத நாட்களில் ஒருபொழுது உண்போர், அவ்வொருபொழுதிலேனும் பருப்பையும் தயிரையும் குறைவறச் சேர்த்துக்கொள்வாராக.

விற்றமின் டியை வெயில் இலவசமாகத் தருகின்றது. நமது நிழல் நம் உயரத்திலும் குறுகியிருக்கும் வேளையிலேயே அதற்கான கதிர்கள் நிலத்தைப் போதியளவு வந்தடைகின்றன. முகத்திலும் கைகளிலும் சிறிதுநேரம் வெயில் பட்டாற் போதும். கண்டியில் வாழும் இலங்கையரையும் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஒஸ்லோவில் வாழ்வோரின் குருதியில் இவ்விற்றமின் மிகக் குறைவாயிருந்ததைக் காட்டிற்று. ஆகவே வெளிநாட்டிலிருந்து போத்தல் அனுப்பும் மகளுக்கே, சிலவேளை, தாயாரிலும் கூடுதலாக அது தேவைப்படலாம்! எனினும் வெயில்நாட்டில் வாழ்ந்தும், வீட்டைவிட்டு வெளியே வராத மூதாட்டிக்கு அக்குறை நேரும். அத்தகையோரும் 70 வயதைக் கடந்தோரும் நாளொன்றுக்கு 800 அலகு உட்கொள்வது தகும். வைத்தியர் சொன்னாலன்றி 4,000 அலகைத் தாண்டலாகாது.

கல்சியக் குளிசை வேண்டுவோர் உணவிற் குறைந்த அளவையே அதனால் நிரப்ப வேண்டும். ஒரு வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் உடல் அதனை நன்கு ஏற்பதில்லை. கல்சியம் காபனேற்று என்று எழுதப்பட்ட குளிசையை உணவோடு உண்க. தைரொயிட் குளிசை உண்போர், இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுதல் வேண்டும். சிறுநீரகக் கல் முன்னர் இருந்தவர்கள் தாமாகவே தொடங்குதல் கூடாது.

வைத்தியரை நாடவேண்டியது எப்போது?

நின்ற நிலையிலிருந்து விழுந்ததும் மணிக்கட்டோ வேறெலும்போ முறிந்தவர்கள். முன்னிருந்த உயரம் ஓரங்குலத்துக்கு மேல் குறைந்து கூன் விழத் தொடங்கியவர்கள். 45 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றவர்கள். ஸ்டீரோயிட் மருந்துகளை மாதக்கணக்காக உண்டவர்கள். தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு முறிந்த வரலாறு உடையவர்கள் ஆகிய இவர்கள் காத்திராது வைத்தியரைக் காணுதல் வேண்டும். டெக்சா என்னும் கருவியால் எலும்புத் திணிவை நோவின்றி அளக்கலாம். இளம்பெண்ணின் சராசரி அளவிலிருந்து 2.5 படித்தரமோ அதற்கு மேலோ தாழ்ந்திருந்தால் அது எலும்பு மெலிவு நோய் என உலக சுகாதார நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வரையறுத்தது. அந்நிலையை அடைந்தோருக்கு எலும்பரிப்பைத் தடுக்கும் தனி மருந்துகள் உண்டு. கல்சியக் குளிசை அவற்றுக்கு ஈடாகாது. பயிற்சியும் உணவும் அம்மருந்துக்குத் துணையாகத் தொடர வேண்டும்.

பெற்றோரைப் பேணும் பிள்ளைகளே, உங்கள் அன்பைக் குறைக்கும்படி எவரும் சொல்லவில்லை. அதன் திசையைச் சற்று மாற்றுங்கள் என்பதே வேண்டுகோள். உடல் இடங்கொடுக்கும்வரை, அம்மா தேங்காய் துருவட்டும். பூமரங்களுக்குச் சிறு வாளியில் நீர் ஊற்றட்டும். பேரப்பிள்ளையோடு கடைத்தெருவரை நடக்கட்டும். வாளியின் நீர் பாதியாக இருக்கலாம். வாளி அவர் கையில் இருக்க வேண்டும். தொலைவில் இருப்பவர்கள், தொலைபேசியில் "குளிசை போட்டீர்களா?" என்று கேட்பதோடு, "இன்று எத்தனை தடவை கையூன்றாமல் எழுந்தீர்கள்?" என்றும் கேளுங்கள். மூத்த தாய்மாரே, நீங்களும் "எனக்கென்ன, வயது போய்விட்டது" என்று சொல்லி இருந்துவிடாதீர்கள். டனீடின் நகரில் பயிற்சியைத் தொடங்கிய பெண்களில் எண்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவருமில்லை.